காலநிலைத் திட்டங்களில் எளியவர்களுக்கு நியாயம்: சட்டம் யாரை, எப்போது கட்டுப்படுத்துகிறது?

ஆற்றங்கரை எழுதியது:

கானமயில் பறவைகளைக் காக்க ரஞ்சித்சிங் என்பவர் தொடுத்த வழக்கில் 2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும் உரிமை என்றது தீர்ப்பு. 21 உயிர் வாழ்வதற்கானது, 14 சமத்துவத்துக்கானது. எனக்கு முக்கியமாகப் பட்டது 14. கடல் மட்டம் உயர்ந்தால் லட்சத்தீவில் இருப்பவரும் மத்தியப் பிரதேசத்தில் இருப்பவரும் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள் என்று நீதிபதிகளே எடுத்துக்காட்டு சொல்கிறார்கள். காட்டில் வாழும் பழங்குடிகள் வீட்டோடு பண்பாட்டையும் இழப்பார்கள் என்கிறார்கள்.

என் கேள்வி அதற்கு அடுத்த கட்டம். பாதிப்பைத் தடுக்க என்று அரசு போடும் திட்டமே எளியவர்களைப் பாதித்தால் என்ன செய்வது? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நடந்தது அதுதான். அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை, வெள்ள அபாயம் என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. அங்கும் பக்கத்துச் செம்மஞ்சேரியிலும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது. நகருக்குள் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் பலர், பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வேலையையே விட்டார்கள். பிள்ளைகள் பள்ளி மாறினார்கள், சிலர் நின்றேவிட்டார்கள். ஆற்றங்கரையிலேயே எழுந்த பெரிய கட்டடங்களுக்கு இந்த நிலை வரவில்லை. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றின் மேலேயே போகிறது.

இப்படி ஓர் இடமாற்றத்தை முடிவு செய்வதற்கு முன்னால், அந்த மக்களைக் கேட்க வேண்டும், பாதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று யாராவது ஓர் அதிகாரியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்படி எழுதியது:

ஒரே சட்டமாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்க்கலாம்.

வெளியேற்றம் என்றாலே 1985-இன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. பிழைப்புக்கான உரிமையும் 21-க்குள் வரும் என்று சொன்னது. அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். 1981-இல் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடித் திரும்பவும் பம்பாய் நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். வானம் பொய்த்ததால் ஊரை விட்டவர்களின் வழக்கு நமக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்பு கொடுத்தது என்ன? முன்கூட்டியே நோட்டீஸ், தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மாற்று இடம். மாற்று இடம் கொடுத்தால்தான் வெளியேற்றலாம் என்று பொதுவிதி எதையும் அது வைக்கவில்லை.

அப்புறம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம். சுனாமிக்கு அடுத்த ஆண்டு வந்தது. நிவாரணமும் இழப்பீடும் கொடுக்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 61-ஆம் பிரிவு. சுனாமி நிவாரணத்தில் தலித் குடும்பங்களும் இருளர்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டதை நாகை பக்கம் வேலை செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் இந்தப் பிரிவைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வறுமை இல்லை, வயது இல்லை, உடல் குறைபாடு இல்லை. அதோடு, அது நிவாரணம் கொடுக்கும் கட்டத்தில்தான் பேசுகிறது. திட்டம் போடும்போது பேசவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதைவிட மேல். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் போய்ச்சேர வழி செய்ய வேண்டும். மறுகட்டுமானம் செய்பவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரைக் கலந்து செய்ய வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். ஆக, கடமை யாருடையது என்று கேட்டால் இங்கே விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள் இருக்கிறார்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கிறது. நிலச் சொந்தக்காரரோடு, மூன்று ஆண்டு அங்கே வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவரை அகற்றும்போது, யாருடைய நிலத்தையும் கையகப்படுத்தவில்லை என்று அரசு வாதிட இடம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: வெளியேற்றும் நாளில் சில கடமைகள் உண்டு. திட்டம் தீட்டும் நாளில் மிகக் குறைவு.

கொடுக்காப்புளி எழுதியது:

2021-இல் தமிழ்நாடு அரசு மறுகுடியமர்வுக் கொள்கைக்கு ஒரு வரைவு வெளியிட்டதே, அது உதவாதா?

சட்டப்படி எழுதியது:

வாதத்துக்கு உதவும். ஆனால் கொள்கையை மீறினார்கள் என்று நீதிமன்றத்தில் நிறுத்துவதும் சட்டத்தை மீறினார்கள் என்று நிறுத்துவதும் ஒன்றல்ல. வரைவு என்றால் இன்னும் பலவீனம்.

வடதிசை எழுதியது:

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே நடந்த ஒன்றைச் சொன்னால் "முன்னால்" என்று ஆற்றங்கரை ஏன் அழுத்திக் கேட்கிறார் என்பது விளங்கும்.

நோர்வேயின் நடுப்பகுதியில் ஃபோசன் என்ற தீபகற்பம். அங்கே ஸ்டோர்ஹையா, ருவான் என்ற இரண்டு இடங்களில் 151 காற்றாலைகள் நிற்கின்றன. அது பனிமான் மேய்க்கும் சாமி இன மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலம். காற்றாலைக் கோபுரங்களுக்கு அருகில் மான்கள் போவதில்லை. கட்டத் தொடங்கும் முன்பே அவர்கள் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு ஸ்டோர்ஹையா வேலையை நிறுத்தி வைக்கும்படி நோர்வேயைக் கேட்டது. அரசு நிறுத்தவில்லை.

2021 அக்டோபர் 11-இல் நோர்வே உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27-ஆம் உறுப்புக்கு விரோதம், உரிமம் செல்லாது என்றார்கள். சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டோடு வாழும் உரிமையைச் சொல்வது அந்த 27. பசுமை மின்சாரத்தின் தேவையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஆனால் சாமி மக்களை இவ்வளவு பாதிக்காத வேறு இடங்கள் இருந்தனவே என்றது.

அப்புறம்? கோபுரங்களை இறக்கு என்று தீர்ப்பில் இல்லை. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது, 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க்கும் வந்து சேர்ந்தார். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரண்டு மேய்ச்சல் குழுக்களோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டார்கள். காற்றாலைகள் இன்றும் சுற்றுகின்றன.

சாமி மக்கள் வென்றார்கள், ஆனால் நிலம் திரும்பவில்லை. உலகத்திலேயே சட்டம் ஒழுங்காக நடக்கும் நாடுகளில் ஒன்றில் இது நடந்தது. கட்டி முடித்த பிறகு வரும் நியாயம் அநேகமாகப் பணமாகத்தான் வருகிறது.

மின்தடம் எழுதியது:

நான் மின்துறையில் வேலை பார்ப்பவன். மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆற்றங்கரை சொன்ன ரஞ்சித்சிங் வழக்கே எதைப் பற்றியது? கானமயில் பறவைகளைக் காப்பாற்ற ராஜஸ்தான், குஜராத்தில் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்னது 2021 உத்தரவு. அது நடைமுறைக்கு ஒத்துவராது, சூரிய மின்சாரமே முடங்கும் என்று சொல்லி 2024-இல் தளர்த்தினார்கள். 2030-க்குள் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் மின்திறன் என்பது நாட்டின் இலக்கு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மதிப்பீடு, ஒரு கூட்டம், ஒரு வழக்கு என்று போனால் அனல்மின் நிலையங்கள்தான் இன்னும் பல ஆண்டு ஓடும். அந்தப் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? எண்ணூரில் இருப்பவர்கள். தாமதமும் ஏழைகளைத்தான் அடிக்கிறது.

வடதிசை எழுதியது:

எண்ணூர் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் ஃபோசனில் மேய்ப்பவர்கள் சொன்னதை முதலிலேயே கேட்டு வேறு இடம் பார்த்திருந்தால் எந்த வழக்கும் வந்திராது. கேட்டதால் வந்த தாமதம் அல்ல அது. கேளாமல் விட்டதால் வந்தது.

தேம்ஸ் எழுதியது:

இங்கிலாந்தில் "முன்னால்" என்ற கடமை சட்டமாகவே இருக்கிறது. அதன் பலத்தையும் பலவீனத்தையும் சொல்கிறேன்.

2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு. எந்த அரசு அமைப்பும் ஒரு முடிவை எடுக்கும்போது வயது, உடல் குறைபாடு, இனம், பாலினம், கர்ப்பம், மதம் போன்றவற்றால் பின்தங்கியவர்கள் மேல் அது என்ன செய்யும் என்பதை உரிய கவனத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளத் தடுப்புக்கும் இது பொருந்தும், வீட்டுச் சூடேற்றும் மானியத்துக்கும் பொருந்தும். முடிவை எடுத்துவிட்டுப் பிறகு காகிதம் தயாரிப்பது போதாது, எடுக்கும் நேரத்திலேயே யோசித்திருக்க வேண்டும் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ உதவிய ஒரு நிதியை அரசு மூட நினைத்த வழக்கு அது. வழக்குப் போட்டவர்கள் வென்றார்கள்.

பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அரசு புதிதாக ஒரு மதிப்பீடு தயாரித்தது, பாதிப்பு வரும் என்று அதிலேயே ஒப்புக்கொண்டது, 2015-இல் நிதியை மூடியே விட்டது. சட்டம் யோசிக்கத்தான் சொன்னது. யோசித்த பிறகு என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்னொரு குறை, சட்டப்படி அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது. அந்தப் பட்டியலிலும் வறுமை இல்லை. சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. ஸ்காட்லாந்து அதை 2018-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, வேல்ஸ் 2021-இல். இங்கிலாந்தில் நிறைவேறிய நாளிலிருந்து தூங்குகிறது. ஏழை என்ற காரணத்துக்காக எண்ணிப் பார்க்கும்படி சட்டமே எழுதிவிட்டு, அதை நடைமுறைப்படுத்தாமல் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நிழல் எழுதியது:

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் அப்போது வெப்பம் இல்லாத நிலையில் இது நல்ல முடிவு. ஆனால் பணம் செத்த பிறகு வருகிறது. அதற்கும் வெப்பத்தால்தான் இறந்தார் என்று மருத்துவர் சான்று வேண்டும். தள்ளுவண்டிக்காரரும் சித்தாளும் வெயிலில் சுருண்டு விழுந்தால் மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்!

பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று அறிவிப்பு வருகிறது. வெளியே வந்தால்தான் சோறு என்பவருக்கு நிழலோ ஓய்வோ கொடுப்பது யாருடைய கடமையும் இல்லை. 2021-இல் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று இதே மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. யார் கொடுக்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. நிழல், தண்ணீர், ஓய்வு மூன்றையும் அதே மாதிரி எழுதினால் என்ன?

மௌனமொழி எழுதியது:

கடலூர். எனக்குக் காது கேட்காது. பிரிவு 8 பற்றி எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் புயல் எச்சரிக்கை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித்தான் வரும். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் எனக்கு விஷயமே தெரியும். ஒரு முறை முகாமாகத் திறந்த பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் போகப் படி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு தாத்தாவை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கூச்சத்தில் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அங்கே இருந்த ஊழியர்கள் நல்லவர்கள், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள். ஆனால் இப்படி ஒருவர் வருவார் என்பது அவர்கள் கையில் இருந்த எந்தக் காகிதத்திலும் இல்லை.

பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து கேட்டதில்லை. எங்கள் சங்கத்தில் இருப்பவர்களையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கணக்கன் எழுதியது:

பணத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுவது ஒரு வழி. 2018-இல் பிரான்சில் எரிபொருள் வரியை உயர்த்தப் போனதும் மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்து, அரசு பின்வாங்கியது நினைவிருக்கும். பஸ் இல்லாத ஊரில் பழைய கார் ஓட்டுபவரும் பாரிஸ் பணக்காரரும் ஒரே வரி கட்ட வேண்டும் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? வீட்டு எரிபொருளுக்கும் வாகன எரிபொருளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் விலை கொண்டுவரும்போது, கூடவே சமூக காலநிலை நிதி என்று ஒன்றையும் 2023-இல் சட்டமாக்கியது. சட்டம் வந்தபோது சொன்ன கணக்கு 2026 முதல் 2032 வரை 8,670 கோடி யூரோ, ஏழை வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும். கலிஃபோர்னியா 2012-லேயே தன் கார்பன் ஏல வருமானத்தில் (புகை வெளியிடும் அனுமதிகளை நிறுவனங்களுக்கு ஏலம் விட்டு வரும் பணத்தில்) 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளின் நன்மைக்குப் போக வேண்டும் என்று எழுதிவிட்டது. அதைச் செய்யத் தவறினால் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மின்தடம் எழுதியது:

மௌனமொழி எழுதியதைப் படித்தேன். நான் தாமதத்தைப் பற்றிச் சொன்னது முகாமில் சாய்தளம் கட்டுவதைப் பற்றி அல்ல, அதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

என் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா. ஏறத்தாழ 13,000 ஏக்கர். நிலத்தை வாங்காமல் விவசாயிகளிடம் ஆண்டு வாடகைக்கு எடுத்தார்கள். வறண்ட பூமி, நிலம் உள்ளவர்களுக்கு நிச்சய வருமானம். நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். ஆனால் அந்த நிலங்களில் களை எடுத்துப் பிழைத்த நிலமில்லாதவர்களுக்கு வாடகை யார் கொடுப்பார்கள்? கையகப்படுத்தாததால் 2013 சட்டத்தின் கூலித் தொழிலாளி பாதுகாப்பு வரவில்லை. சூரிய மின் நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கட்டாயமில்லை, அதனால் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லை.

எனவே என் நிலை இது: ஒரே ஒரு மதிப்பீடு, இவ்வளவு நாளுக்குள் என்ற கெடுவோடு, இடம் தேர்வு செய்யும் முன். நிலமில்லாதவர் பெயரும் அதில் வர வேண்டும். மூன்று துறை மூன்று முறை கேட்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சட்டப்படி எழுதியது:

மின்தடம் சொல்வது சட்டமாக எழுதக்கூடியதுதான். முன்கூட்டிக் கேட்டதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006 வன உரிமைச் சட்டத்தின் பலம் அது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. பெரும்பாக்கம் குடும்பங்களுக்கு அப்படி ஒரு சபை கிடைக்கவில்லை.

யார் வழக்குப் போடலாம் என்பதும் முக்கியம். சுவிட்சர்லாந்தில் வயதான பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, வெப்ப அலையில் தங்கள் வயதினர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறோம் என்று போட்ட வழக்கில் 2024 ஏப்ரல் 9-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனி ஆளாகச் சேர்ந்திருந்த நான்கு பெண்களின் மனுவை ஏற்கவில்லை, சங்கத்தின் மனுவை ஏற்றது. குடியிருப்போர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம் எதுவாக இருந்தாலும் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது வழக்கம்.

அப்புறம், முதல் பதிலில் நான் சேர்த்திருக்க வேண்டிய இன்னொரு பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4(1)(இ), (ஈ). முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதும், மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும். நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமலே செய்ய வேண்டிய கடமை இது. திட்டம் தீட்டும் நாளில் கடமை மிகக் குறைவு என்றேனே, அந்தக் குறைவானதில் இதுவும் ஒன்று.

ஆற்றங்கரை எழுதியது:

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பெரும்பாக்கம் குடியிருப்போர் சங்கத்தோடு பேசிவிட்டேன். அடுத்த வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுகிறோம்.

ஒன்று, இடமாற்றத்தை நடத்திய துறைக்கு: முடிவு எடுக்கும் முன் குடும்பங்களின் பிழைப்பு, பள்ளி, மருத்துவம் பற்றி ஏதாவது மதிப்பீடு செய்யப்பட்டதா, நகல் வேண்டும். மக்களோடு கூட்டம் நடந்ததா, நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். பெரும்பாக்கம் இடத்தின் வெள்ள அபாயம் பற்றிய அறிக்கை வேண்டும். 4(1)-இன்படி இவற்றை எந்தத் தேதியில் வெளியிட்டார்கள்?

இன்னொன்று, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு: மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 8-இன்படியான பதிவேடு இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எங்கள் வளாகத்தில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? பெயர் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் பெயரில் போட்டால் அதுவும் இல்லை.

மௌனமொழி எழுதியது:

இரண்டாவது மனுவை எங்கள் சங்கத்தின் செயலாளர் பெயரில் கடலூரிலும் போடுகிறோம். ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் எச்சரிக்கை எந்த வழியில் அனுப்பப்படுகிறது, அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி என்ன? பதில் வந்ததும் இரண்டு ஊர்ப் பதிலையும் இங்கேயே போடலாம்.